வேதம் வாசிக்க உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வேதம் வாசிக்கிறோம். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற அக்கா, கன்டெய்னர் லாரி ஓட்டுகிற தம்பி, பெரம்பூர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஐயா, கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கம் எல்லாம் உண்டு. நான் போதகர் அல்ல, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். புதிதாக யார் வந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பிரதர், பைபிளை முதல்ல இருந்துதான் படிக்கணுமா? மூணு தடவை ஆரம்பிச்சேன், மூணு தடவையும் விட்டுட்டேன்.

எங்கே விட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மூன்றாவது புத்தகமான லேவியராகமம். புது வருஷத்தன்று ஆதியாகமத்தில் ஆரம்பிப்பார்கள். யோசேப்பு கதை வரை ஓட்டமாக ஓடும். யாத்திராகமத்தில் செங்கடல் தாண்டும்வரையும் சரி. 25ஆம் அதிகாரத்திலிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொக்கி, திரை, முழ அளவு என்று வரும்போது கண் சொக்கும். அடுத்தது பலி முறைகள். பிப்ரவரி முடிவதற்குள் புத்தகம் ஷோகேஸுக்குப் போய்விடும்.

இதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. பைபிள் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லே ‘புத்தகங்கள்’ என்று பன்மையில்தான் இருக்கிறது. ஒரே அட்டைக்குள் பல புத்தகம். இயேசுவின் கதையைச் சொல்கிற மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம்தான், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் லூக்கா, அதே கையால் எழுதப்பட்ட அப்போஸ்தலருடைய நடபடிகள். அதன் பிறகு ஆதியாகமம், யாத்திராகமம் 20 வரை. இடையில் தினம் ஒரு சங்கீதம், அதாவது பைபிளிலுள்ள ஜெபப் பாட்டு. லேவியராகமத்தை எபிரெயருக்கு எழுதின நிருபத்தோடு (நிருபம் என்றால் கடிதம்) சேர்த்து வாசித்தால் அந்தப் பலிகளும் ஆசாரியரும் எதற்கு என்று தானாகப் பிடிபடும்.

ஒரு நாளைக்கு எத்தனை அதிகாரம்?

பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து. வாரத்துக்கு 23, வருஷத்துக்கு 1196. நம் பைபிளில் மொத்தம் 1189 அதிகாரம், ஆக ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். நல்ல கணக்குதான். ஆனால் கணக்கை முடிக்கிற அவசரத்தில் வாசித்தது எதுவும் மண்டையில் தங்குவதில்லை என்பது என் அனுபவம். எங்கள் மாடியில் சில வெள்ளிக்கிழமை பத்து வசனத்தைத் தாண்டியதில்லை.

எனக்கு லாரி டியூட்டி. ராத்திரி பகல் தெரியாது. எப்ப உக்காந்து படிக்கிறது?

உட்கார வேண்டாம், கேளுங்கள். தமிழ் ஒலி வேதாகமம் போனிலேயே கிடைக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக கேட்டுக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் ஒரு சுவிசேஷமே முடிந்துவிடும். இதை மட்டமான வழி என்று நினைக்காதீர்கள். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 1:3ஐப் (முதல் அதிகாரம், 3ஆம் வசனம்) பாருங்கள்: ‘வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்’ என்று இருக்கிறது. வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். அந்தக் காலத்தில் ஒரு சபைக்கு ஒரு சுருள் இருந்தால் பெரிது. முதல் கிறிஸ்தவர்களில் அதிகம் பேர் காதால்தான் வேதத்தை அறிந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் இதே பதில்தான்.

வீட்ல இருக்கறது அம்மாவோட பழைய பைபிள். தமிழே புரியல. வேற மொழிபெயர்ப்பு வாங்கினா தப்பா?

தப்பில்லை. ‘நான்றுகொண்டு’ என்றால் தூக்குப் போட்டுக்கொண்டு என்று இப்போது எத்தனை பேருக்குத் தெரியும்? ‘மறுஉத்தரவு’ என்பது வெறும் பதில்தான். ஒரு காலத்தில் இவை பேச்சில் புழங்கிய சொற்கள்.

பழைய பைபிளும் ஒரு நாள் புது பைபிளாகத்தான் வந்தது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். பிறகு பப்ரிசியுஸ் என்ற இன்னொரு மிஷனரி வந்தார். நமக்குப் பக்கத்து வேப்பேரியில் பல வருஷம் இருந்து, சொல்லுக்குச் சொல் அலசித் திருத்தினார். நாம் சபையில் வாசிப்பது 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் உருவானது. ஒவ்வொரு தலைமுறையும் தன் தமிழுக்கு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. என் யோசனை: மனப்பாடத்துக்குப் பழையது, புரிந்துகொள்ள எளிய நடையில் ஒன்று. சங்கீதம் 23ஐ மட்டும் புதுத் தமிழில் என்னால் சொல்ல முடியவில்லை. அது பழக்கதோஷம்.

கத்தோலிக்க பைபிள் வேற, நம்ம பைபிள் வேறயா? எங்க ரெண்டு வீட்டுக்கும் கல்யாணம் பேசறாங்க, அதான் கேக்கறேன்.

புதிய ஏற்பாடு இரண்டிலும் அதே 27 நூல்கள். பழைய ஏற்பாட்டில்தான் வித்தியாசம்: நம்மிடம் 39, அவர்களிடம் 46. தோபித்து, யூதித்து, ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகியவை கூடுதல். எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகளும் அதிகம் இருக்கும்.

குழப்பம் அதிகம் வருவது பெயர்களில்தான். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் ‘தொடக்க நூல்’, சங்கீதம் ‘திருப்பாடல்’, இரட்சிப்பு ‘மீட்பு’. இன்னும் பழைய கத்தோலிக்கத் தமிழில் பேதுரு ராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர். ராயபுரம் என்ற பெயரே அந்த ராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். ஆள் ஒருவர்தான், சம்பந்தி வீட்டோடு அதற்காகச் சண்டை வேண்டாம்.

கண்ணை மூடிக்கிட்டு பைபிளைத் திறப்பேன். எந்த வசனத்துல விரல் படுதோ அது எனக்குன்னு எடுத்துக்குவேன். வாக்குத்தத்த அட்டையும் அதே மாதிரிதானே?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. நானும் எடுப்பேன், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அட்டையோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை என் கதையாகவே சொல்கிறேன். ஒரு வருஷம் எனக்கு வந்தது எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்கிற வசனம். பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். மார்ச்சில் வேலை போனது, ஜூனில் அப்பா தவறினார். அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வந்தது. சமாதானம் எங்கே?

பிறகு ஒரு நாள் அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன். அது ஒரு கடிதம். எருசலேமில் இருக்கிற தீர்க்கதரிசி எரேமியா, பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதுகிறார். சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று அங்கே சிலர் ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள். எரேமியா, இல்லை, எழுபது வருஷம் ஆகும் என்கிறார். 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனமே அதுதான். அதுவரை என்ன செய்ய? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் (29:5-7). கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் எழுபது வருஷம் கழித்து உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள். இந்த வருஷமே எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த வசனம் எனக்குச் சொல்லவே இல்லை. நானாக அப்படிப் படித்துக்கொண்டேன்.

இதை மாடியில் பேசியபோது, கால்வாய் ஓரக் குடிசையிலிருந்து நகரத்தின் மறுகோடிக்கு மாற்றப்பட்ட ஒரு அம்மா அழுதுவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறவர். ‘போட்ட இடத்துல தோட்டம் போடுன்னு சொல்றாருப்பா’ என்றார். அட்டையில் அந்தப் பாதி இல்லை. சரி, விரல் வைத்து எடுக்கலாமா என்றால், எடுங்கள். எடுத்த கையோடு அந்த அதிகாரத்தையும் வாசித்துவிடுங்கள்.

முன்னும் பின்னும் படிக்கணும்னு சொல்றீங்க. எதுவரைக்கும் முன்னாடி, எதுவரைக்கும் பின்னாடி?

நிருபமாக இருந்தால் முழு நிருபமும். பிலிப்பியர் நாலே அதிகாரம், கால் மணி நேரம் போதும். ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற 4:13ஐப் பரீட்சைக்கும் பிசினஸுக்கும் ஸ்டிக்கராக ஒட்டுகிறோம். பவுல் இதை எழுதும்போது காவலில் இருக்கிறார். முந்தின இரண்டு வசனத்தில் பட்டினி கிடக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் தெரியும் என்கிறார். அந்த ‘எல்லாவற்றையும்’ அதைத்தான் குறிக்கிறது.

அதிகார எண்ணை நம்பி நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. இப்போதுள்ள வசன எண்களைப் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவர் ஒரு அச்சகக்காரர், 1551இல். எழுதினவர்கள் வைத்த எண் எதுவும் கிடையாது. ‘ஆகையால்’ என்று ஒரு அதிகாரம் ஆரம்பித்தால் தயங்காமல் முந்தின பக்கத்துக்குப் போங்கள்.

மூணாம் மணி வேளை, ஒரு பணம், தாலந்து… இந்தக் கணக்கெல்லாம் என்ன?

பொழுது விடிவதிலிருந்து எண்ண வேண்டும். மூன்றாம் மணி என்றால் நமக்குக் காலை ஒன்பது, ஆறாம் மணி நடுப்பகல், ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்று, பதினோராம் மணி சாயங்காலம் ஐந்து. இது தெரிந்ததும், காலையில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் முதலாளி ஒரே கூலி கொடுக்கிற மத்தேயு 20இன் திராட்சத்தோட்டக் கதை வேறு மாதிரி ஆகிவிடும். நம் பக்கத்தில் விடியற்காலை முனையில் மண்வெட்டி, கொல்லூறு, டிபன் பையோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பத்து மணிக்கு மேல் யாரும் கூப்பிடவில்லை என்றால் அன்றைக்கு அடுப்பு எரிவது சந்தேகம். கதையில் வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணி வரை நிற்கிறார்கள். சோம்பேறிகள் அல்ல, யாரும் கூப்பிடவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் சித்தாள் வேலைக்குப் போகிற ஒருவர் கேட்டார்: ‘அஞ்சு மணிக்கு வந்தவன் வீட்லயும் அதே அளவு அரிசிதானே வேணும்?’ இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

‘ஒரு பணம்’ என்பது தெனாரியம் என்ற வெள்ளிக்காசு, ஒரு ஆளின் ஒரு நாள் கூலி. ‘பணம்’ என்று நம் நாட்டிலும் ஒரு காசு இருந்ததால் மொழிபெயர்த்தவர்கள் அப்படிப் போட்டார்கள். தாலந்து எடைக் கணக்கு, ஏறக்குறைய 6000 தெனாரியம். அதாவது கூலிக்காரன் ஒருவனின் இருபது வருஷச் சம்பாத்தியம். ஓய்வுநாள் பள்ளியில் ‘தாலந்துப் போட்டி’ நடத்தி நடத்தி அது பாட்டுப் பாடும் திறமையாகிவிட்டது. இயேசு சொன்ன கதையில் எஜமானிடம் ஒரே தாலந்து பெற்றவன் கையிலும் பெருந்தொகை இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்த கலிலேயாக் கடல் நம்ம கடல் மாதிரிதானா? ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் கிடைக்கலன்னா காலைல எதுக்கு அலசுறாங்க?

கேட்டது ஏலக்கார அக்கா. அது கடல் அல்ல, நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13. நம் பழவேற்காடு ஏரியைவிடச் சிறியது. கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே, சுற்றிலும் மேட்டுப் பூமியோடு இருக்கிறது. அதனால் காற்று மேட்டிலிருந்து திடீரென்று இறங்கி அடிக்கும். மாற்கு 4இல் வருகிற புயல் அப்படி வந்ததுதான்.

இரண்டாவது கேள்விக்கு அக்காவே பதில் சொன்னார்: மீன் கிடைக்காவிட்டாலும் வலையில் பாசியும் குப்பையும் ஏறும், அலசிக் காயப்போடாவிட்டால் நூல் வீணாகிவிடும். அப்படியானால் லூக்கா 5இல் இயேசு மறுபடி வலை போடச் சொன்னதும், பேதுரு அலசி முடித்த வலையைத்தான் திரும்ப எடுக்கிறார். ராத்திரி முழுக்கக் கண்விழித்த உடம்பு, மறுபடி படகு தள்ள வேண்டும், மறுபடி அலச வேண்டும். ‘ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே’ என்று அவர் சொல்வதன் எடை காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் செய்கிற தொழில் பைபிளில் வந்தால் கூச்சப்படாமல் வாய் திறங்கள். அங்கே நீங்கள்தான் வாத்தியார்.

லேவியராகமத்துல சிறகும் செதிளும் இல்லாதது அருவருப்புன்னு இருக்கே. அப்ப நண்டு, இறால், கடம்பா?

இதையும் ஏலக்கார அக்காதான் கேட்டார், வியாபாரமே அதுதானே. லேவியராகமம் 11 இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட சட்டம். அந்த ஏரியில் செதிள் இல்லாத கெளுத்தி வகை உண்டு. மத்தேயு 13:48இல் வலையை இழுத்து ‘ஆகாதவைகளை எறிந்துபோடுவார்கள்’ என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படி எறிந்து பழகிய பேதுருதான் அப்போஸ்தலர் 10இல் யோப்பாவில் கடலோர வீட்டு மாடியில் தரிசனம் காண்கிறார்: ‘தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே.’ அந்தத் தரிசனம் முடிகிற இடம் சாப்பாடு அல்ல. யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் அவர் கால் வைக்கிறார். தீட்டு என்று சொல்லி ஆளை வாசலில் நிறுத்துகிற ஊரில் வாழ்கிற நமக்கு அந்த அதிகாரம் இறாலைவிட முக்கியம்.

மாற்கு 7, அப்போஸ்தலர் 15, ரோமர் 14 மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். இன்றும் இந்த உணவுச் சட்டத்தைக் கடைப்பிடிக்கிற சபைகள் உண்டு. அவர்களைக் கேலி செய்யக்கூடாது என்பதும் ரோமர் 14இல்தான் இருக்கிறது.

பைபிள்ல ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கே? காலேஜ்ல கேக்கறாங்க, பதில் சொல்லத் தெரியல.

முதலில் எந்த வகை எழுத்து என்று பாருங்கள். நீதிமொழிகள் 26:4 மூடனுக்குப் பதில் கொடாதே என்கிறது, 26:5 கொடு என்கிறது. அடுத்தடுத்த வரி! தொகுத்தவருக்குக் கண் தெரியாமலா? பழமொழி அப்படித்தான். ‘பதறாத காரியம் சிதறாது’ என்கிறோம், ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றும் சொல்கிறோம். எதை எப்போது எடுப்பது என்பது நம் புத்திக்கு விடப்பட்டது.

சம்பவங்களில் வித்தியாசம் வந்தால் சொல்லும் முறையைப் பாருங்கள். மத்தேயு 8இல் நூற்றுக்கு அதிபதி நேரில் வந்து கேட்கிறான், லூக்கா 7இல் மூப்பரை அனுப்பிக் கேட்கிறான். ‘கவுன்சிலர் எங்கள் தெருவுக்குக் குழாய் போட்டார்’ என்றால் அவர் கடப்பாரை பிடித்தார் என்றா அர்த்தம்? ஆனால் எல்லாம் இப்படி எளிதில் தீராது. சிலுவையில் அறைந்த நேரம் மாற்கு 15:25இல் மூன்றாம் மணி. யோவான் 19:14இலோ ஏறக்குறைய ஆறாம் மணிக்கு விசாரணையே முடியவில்லை. பலர் பல விளக்கம் சொல்கிறார்கள், எதுவும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. காலேஜில் அப்படியே சொல்லுங்கள், ஒன்றும் குடி முழுகாது.

சங்கீதம் 137 கடைசி வசனத்தைப் படிச்சேன். குழந்தையை கல்லுல அடிக்கிறவன் பாக்கியவானா? இதையெல்லாம் எப்படி ஜெபம்னு சொல்றது?

படித்துவிட்டுப் பதறினீர்களே, அதுவே சரியான வாசிப்பு. அது கடவுள் கொடுத்த கட்டளை அல்ல, மனிதர் கடவுளிடம் போட்ட கூச்சல். எருசலேம் தீக்கிரையாகி, பிள்ளைகளைப் பறிகொடுத்து, பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் குரல். பிள்ளையைக் கொன்றவன் வீட்டு வாசலில் ஒரு தாய் மண்ணை வாரித் தூற்றினால் அவளிடம் போய் இலக்கணம் பேசுவோமா?

மேலே எரேமியா கடிதம் பற்றிச் சொன்னேனே, அதைப் பெற்ற சிறையிருப்புக் கூட்டமும் இதே பாபிலோனில் இருந்ததுதான். ஒரு பக்கம் இந்தச் சாபம், இன்னொரு பக்கம் அதே பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்ற கடிதம். இரண்டையும் பைபிள் அழிக்காமல் வைத்திருக்கிறது.

666ன்னா ஆதார் கார்டா? வாட்ஸ்அப்ல வந்துச்சு.

இல்லை. 666 என்பது வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகத்தின் எண். எனக்கு நினைவு தெரிந்து பார்கோடு, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, தடுப்பூசி எல்லாம் இந்தப் பட்டியலில் வந்து போய்விட்டன. வெளிப்படுத்தின விசேஷம் முதலில் போனது இன்றைய துருக்கியில் இருந்த ஏழு சபைகளுக்கு. ரோம ஆட்சியில் நெருக்கப்பட்ட அவர்களுக்குப் புரியும்படி எழுதப்பட்டது. எபிரெயத்தில் எழுத்துக்கும் எண் மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நீரோ இராயன் பெயரை அப்படிக் கூட்டினால் 666 வருகிறது என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். சில பழைய கைப்பிரதிகளில் 616 என்றும் இருக்கிறது. தானியேலையும் எசேக்கியேலையும் வாசிக்காமல் இந்தப் புத்தகத்துக்குள் போகாதீர்கள், பாதிப் படம் அங்கிருந்து வந்தது.

பொண்ணுங்க சபையில பேசக்கூடாதுன்னு பவுல் சொல்லியிருக்காரே அண்ணா, அப்ப நான் இங்க வாசிக்கலாமா?

1 கொரிந்தியர் 14:34இல் அப்படி இருக்கிறது. அதே நிருபம் 11:5இல் பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் எப்படி இருக்க வேண்டும் என்று அவரே எழுதுகிறார். பேசவே கூடாது என்றால் அதற்கு எதற்கு ஒழுங்கு? ரோமர் 16இல் பெபேயாளைச் சபையின் ஊழியக்காரி என்கிறார். அப்பொல்லோ என்ற பிரசங்கிக்கு விளக்கிச் சொன்னவர்களில் பிரிஸ்கில்லாள் ஒருத்தி (அப்போஸ்தலர் 18:26). சபைக்குச் சபை தீர்மானம் வேறுபடும், உங்கள் சபையின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். எங்கள் மாடியில் அடுத்த வாரம் நீதான் வாசிக்கிறாய்.

பாஸ்டர் சொல்றதும் நான் படிச்சதும் ஒத்து வரலன்னா?

முதலில் நீங்கள் படித்ததை இன்னொரு தடவை, இன்னொரு மொழிபெயர்ப்பிலும் பாருங்கள். மூலமொழிகளான எபிரெயம், கிரேக்கம் தெரியாதவர்களுக்கு இதுதான் கைக்கு எட்டிய வழி. இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் அங்கே மூலத்திலேயே ஏதோ முடிச்சு இருக்கலாம். அப்புறம் தனியாகப் போய் மரியாதையோடு கேளுங்கள். பெரோயா ஊரார், பவுல் சொன்னதையே அப்படியா என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். அதற்காக அவர்களைப் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறது (அப்போஸ்தலர் 17:11). நல்ல பாஸ்டர் சந்தோஷப்படுவார். கோபப்பட்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியா ஒண்ணு. பைபிள்ல கோடு போடலாமா? எங்க பாட்டி அடிப்பாங்க.

தாராளமாகப் போடலாம், பென்சிலால். பைபிள் தாள் மெல்லியது, ஜெல் பேனா மை அந்தப் பக்கம் ஊறிவிடும். இன்னொரு காரணமும் உண்டு: நான் இருபது வயதில் கோடு போட்ட வசனங்களில் பாதியை இப்போது அழித்துவிட்டு, அதற்கு முந்தின வசனத்தில் போட்டிருக்கிறேன். பாட்டியிடம் புது பைபிள் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.